இன்னும் கலையாத ஊர்வலம்

என் வீட்டுக்காரரின் சட்டைக் காலர் கோணிக்கொண்டு வந்த பிறகுதான் எனக்கு இந்த விவகாரத்தில் அக்கறை பிறந்தது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்கிறார்களாம். சுத்தப் பொய். அக்கறை எனக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. இந்தத் தெருவில் ஒரு பூனை வீடு மாறினாலும் எங்கிருந்து எங்கே, என்ன மனத்தாங்கல் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். காலர் பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவின் நடுவில் ஒரு தையல் கடை இருக்கிறது. கடை ஒரு பக்கம், கடைக்காரர்கள் குடியிருக்கும் வீடு அதற்கு நேர் எதிர்ப் பக்கம். தையல் அக்கா தைப்பாள். அவள் புருஷன் துணி வெட்டுவார். அவரைத் தெருவே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் தெரு மட்டும்தான். ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அப்படித்தான் இருந்தது, தெருக்கோடியில் குடோன் வரும்வரை. குடோனுக்குப் போகும் லாரிகளுக்கென்று ஊருக்கு வெளியே அகலமாக ஒரு சாலை போட்டு வைத்திருக்கிறார்கள். அது சுற்று வழி. எங்கள் தெரு குறுக்கு வழி. கேட்க வேண்டுமா? பகல் முழுக்க லாரிதான். ஒன்று போக, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. ஒரு நாள் காலையில் மாஸ்டர் கடைச் சாவியோடு குறுக்கே நடந்தபோது, பின்பக்கமாக வந்த லாரி ஒன்று அவரைத் தட்டிவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து அனுப்பினார்கள், தைரியத்தைச் சேர்த்து அனுப்பவில்லை. ஊன்றுகோலோடு வாசல் வரை வருவார். லாரிச் சத்தம் கேட்டதும் நனைந்த கோழி மாதிரி உள்ளே ஒடுங்கிவிடுவார்.

துணி வெட்டும் மேசையோ கடையில் இருக்கிறது. கடைக் கதவைவிடப் பெரிய மேசை. அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் கடையை இடிக்க வேண்டும். ஆகவே மாஸ்டர் வீட்டுக் கட்டிலில் துணியை விரித்து, மெத்தை மேலேயே வெட்ட ஆரம்பித்தார். அதன் பலனை என் வீட்டுக்காரரின் கழுத்தில் பார்க்கலாம். இடது காலர் காதைத் தொட்டது, வலது காலர் தோளில் படுத்துத் தூங்கியது. கோணலை மறைக்கப் பாவம் மனிதர் தலையை இடது பக்கம் சாய்த்தபடியே அலுவலகம் போய் வந்தார்.

எல்லோரும் என்னைப் போலப் பொறுமைசாலிகளா? வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒரு நாள் என் வீட்டு மாடிப்படியில் என்னைப் பிடித்து அக்கா சொன்னாள்:

"அவர் மட்டும் மேசைக்கு வரலேன்னா கடையை மூடிட வேண்டியதுதான்டி. நான் மட்டும் எதைத் தைக்கிறது? அவர் வெட்டித் தந்தாத்தானே?"

வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு சொன்னதால் அழுகிறாளா இல்லையா என்று சரியாகத் தெரியவில்லை.

லாரிகளை வெளிச்சாலையில் விடச் சொல்லிக் குடோன்காரரிடம் போய்க் கேட்டோம். "எல்லா லாரியும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும். எது என்னுதுன்னு எனக்கே தெரியாது" என்றார். திரும்பி வந்தோம்.

அப்போதுதான் கணக்கு சார் இந்த விவகாரத்தில் நுழைந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வீட்டில் யாரும் அவர் பேச்சைக் கேட்பதில்லை என்பதால் தெருவுக்கு வந்து பேசுவார். "நகராட்சிக்கு ஊர்வலமாப் போவோம். லாரியைத் தடை பண்ணச் சொல்லி மனு கொடுப்போம். ஆனா முறைப்படி அனுமதி வாங்கிட்டுத்தான்" என்றார். முறைப்படி என்ற வார்த்தையைச் சொல்லும்போதே அவர் முகத்தில் பாயசம் குடித்த மாதிரி ஒரு களை.

அனுமதி வாங்க அக்காவோடு நானும் போனேன், துணைக்கு. நகராட்சி அனுமதிப் பிரிவில் ஒரு எழுத்தர் இருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் விதிப் புத்தகத்தைத் திறந்துவிட்டால் ஆளே வேறு. பக்கங்கள் மின்விசிறியில் பறக்காமலிருக்க அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்திருந்தார்.

"ஊர்வலமா, கூட்டமா?" என்றார்.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்றாள் அக்கா.

"நடந்தா ஊர்வலம். நின்னா கூட்டம். கூட்டத்துக்கு அடுத்த ரூம்."

"நடந்து வந்து இங்க வாசல்ல நிப்போமே சார்?"

"நின்ன உடனே கலைஞ்சிடணும்."

கோரிக்கை அட்டையைக் கம்பில் கட்டித் தூக்கக் கூடாது, கம்பு ஆயுதம். கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஒலிபெருக்கி கூடாது. முழக்கத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 'லாரியே வெளியேறு' என்று கணக்கு சார் எழுதிக் கொடுத்திருந்தார்.

"லாரி எப்படிம்மா தானா வெளியேறும்? டிரைவரைத்தானே சொல்றீங்க? தனிமனுஷனைத் தாக்கி முழக்கம் போடக் கூடாது" என்று அதை அடித்துவிட்டு, தானே ஒன்று எழுதிக் கொடுத்தார். 'கனரக வாகனங்கள் வெளிச்சாலையைப் பயன்படுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' இதை யாராவது கையை உயர்த்திக் கத்திப் பாருங்கள். பாதியில் மூச்சு நின்றுவிடும்.

"நோயாளி யாராவது வர்றாங்களா?"

"என் வீட்டுக்காரர் வர்றேன்னு சொல்றார். வாசல் தாண்டுவாரான்னு தெரியல" என்றாள் அக்கா.

"அப்போ அவர் வேகத்துக்குத்தான் போகணும். நோயாளி வழியில உக்காரலாம், அவரை அவசரப்படுத்தக் கூடாது. மத்தவங்க உக்காரக் கூடாது. வழியில புதுசா யார் சேர்ந்தாலும் அவங்களும் ஊர்வலத்துல சேர்த்திதான், அவங்களுக்கும் நீங்கதான் பொறுப்பு."

"சரிங்க."

"ஊர்வலம் முடியிற வரைக்கும் உங்க தெருவுல கனரக வாகனம் வராம தடுப்பு வைப்போம். எல்லாரும் கலைஞ்சதும் நீங்களே நேர்ல வந்து எங்கிட்ட சொல்லணும். அப்பத்தான் தடுப்பை எடுப்போம்."

எல்லாவற்றுக்கும் அக்கா தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள். எனக்கோ அங்கேயே படுத்துவிடலாம் போலிருந்தது. ஒரு தெரு தாண்டி நடந்து வருவதற்கு இத்தனை சடங்கு!

ஊர்வலத்தன்று தூறல். நகராட்சி ஆட்கள் இருவர் தெருவின் இரு முனையிலும் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டையை வைத்து, 'ஊர்வலம் நடைபெறுகிறது, கனரக வாகனங்கள் நுழையக் கூடாது' என்று பலகையைத் தொங்கவிட்டுப் போனார்கள். தொண்டர்களுக்குக் கைப்பட்டை வேண்டும் என்பது இன்னொரு விதி. அக்கா மிச்சத் துணியில் தைத்துக் கொடுத்திருந்தாள். கணக்கு சார் கையில் ரோஜாப்பூ போட்ட பட்டையும் வாயில் விசிலுமாக முன்னால் நின்றார்.

எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் மாஸ்டர் வாசலுக்கு வந்தார். தெருவை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். லாரி இல்லை. ஊன்றுகோலை முதலில் தெருவில் வைத்தார், பிறகு காலை வைத்தார். யாரோ ஓர் அட்டையை அவர் கழுத்தில் மாட்டினார்கள். வீட்டு வரிசையிலேயே இருக்கும் மளிகைக்கடை வரைக்கும் நடந்தார். அதற்கு மேல் முடியவில்லை. மளிகைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தெரு ஓரத்தில் போட்டார்.

"நீங்க போங்க. நான் மெதுவா வர்றேன்" என்றார் மாஸ்டர்.

மழை வலுத்துவிடும் போலிருந்ததால் நாங்கள் முன்னே போய்விட்டோம். நகராட்சி அலுவலகத்தை அடைந்தோம். தலைவர் கூட்டத்தில் இருந்தாராம். மனுவைக் காவலாளி வாங்கி, குடை மாதிரி தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். எங்கள் போராட்டம் அத்தோடு முடிந்தது. ஆளாளுக்கு டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம்.

அக்கா மட்டும் வரவில்லை. கலைந்துவிட்டதைச் சொல்ல உள்ளே போனாள். எழுத்தர் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டார், அடுத்த வாரம்தான் வருவார் என்றார்களாம். பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் சொல்லப் பார்த்திருக்கிறாள். "அது அவர் சீட்டு வேலைம்மா. நான் கேட்டுக்க முடியாது" என்று அவள் காதையே மூடிக்கொள்ளாத குறை.

மறுநாள் காலை எழுந்ததும் எனக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்தேன். காது அடைத்த மாதிரி இருந்தது. பிறகுதான் தெரிந்தது, தெரு அமைதியாக இருக்கிறது. ஜன்னல் வழியே பார்த்தேன். கட்டை அப்படியே இருந்தது. ஒரு லாரி வந்தது, ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கிப் பலகையைப் படித்தார். ஊர்வலம் எங்கே என்று எட்டிப் பார்த்தார். மளிகைக்கடை வாசலில் மாஸ்டர் கழுத்தில் அட்டையோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு வண்டியைத் திருப்பினார்.

அன்றிலிருந்து மாஸ்டர் தினமும் வெளியே வந்தார். ஊன்றுகோலோடு நாற்காலி வரை நடப்பார், கொஞ்சம் தாண்டிப் போவார், திரும்பி வந்து உட்காருவார். அட்டையைக் கழற்றவேயில்லை. வெயிலுக்கு மறைப்பாக இருக்கிறதாம்.

தெரு முழுக்க ஒரே சந்தோஷம். அதில் மண்ணைப் போட ஒரே ஒருத்திதான் அலைந்தாள்: இந்தச் சந்தோஷத்துக்கே காரணமான தையல் அக்கா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி மறுபடி நகராட்சிக்குக் கிளம்பினாள், கலைந்துவிட்டோம் என்று சொல்ல!

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? தானா வந்த சுகத்தை நீயே போய்க் கெடுக்கணுமா?" என்றேன்.

"கையெழுத்துப் போட்டிருக்கேன்டி. வந்து சொல்றேன்னு."

"கையெழுத்துதானே போட்ட, தலையையா அடகு வச்ச?"

"உனக்குப் புரியாது" என்று போய்விட்டாள். எனக்குப் புரியாமல் என்ன? நூலைக் கடித்து முடிச்சுப் போடாமல் எந்தத் துணியையும் கீழே வைக்க மாட்டாள். அதே புத்திதான் இதிலும். நல்லவேளை, நகராட்சி எங்கள் பக்கம் இருந்தது. ஒரு நாள் கணினி வேலை செய்யவில்லை, ஒரு நாள் அறைக்கு வெள்ளையடித்தார்கள். எழுத்தரின் பயிற்சி நீண்டுகொண்டே போனது. இத்தனை பயிற்சி எடுத்து என்னதான் செய்யப்போகிறாரோ!

கடைசியில் குடோன்காரர்தான் நகராட்சிக்குப் போய் மேசையைத் தட்டியிருக்கிறார். பயிற்சி முடிந்து வந்திருந்த எழுத்தர், விதிப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரோடு எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் செய்த வேலையை அப்படியப்படியே போட்டுவிட்டு ஓடினோம். என் அடுப்பில் பால் பொங்கியது வேறு கதை.

"என்னம்மா இது? ஒரு ஊர்வலம் இத்தனை நாளாவா நடக்கும்? எல்லாரும் கலைஞ்சாச்சுதானே? சொல்லுங்க, கட்டையை எடுக்கச் சொல்றேன்" என்றார்.

இத்தனை நாளாக இதைச் சொல்லத்தானே அலைந்தாள்? அக்கா வாயைத் திறந்தாள். தெருவே அவள் வாயைப் பார்த்தது. அவளோ மளிகைக்கடைப் பக்கம் பார்த்தாள். மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்து, அட்டை தொங்க, ஊன்றுகோலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாசலில் லாரிச் சத்தம் கேட்கும்போது வரும் அதே முகம்.

"இல்ல சார். எல்லாரும் கலையல" என்றாள் அக்கா. "ஒருத்தர் இன்னும் வழியில இருக்கார்."

எழுத்தர் மாஸ்டரிடம் போனார். "ஐயா, நீங்க ஊர்வலத்துலயா இருக்கீங்க?"

"ஆமாங்க. அன்னைக்கு இவங்களோட கிளம்புனவன்தான். போயிட்டே இருக்கேன்."

"எங்க சார் போறார்? உக்காந்துல்ல இருக்கார்!" என்று குதித்தார் குடோன்காரர்.

எழுத்தர் புத்தகத்தைப் புரட்டினார். அவர் முகம் விழுந்துவிட்டது. "நோயாளி உக்காரலாம் சார். அவசரப்படுத்தக் கூடாது."

"அப்ப இவர் எப்பத்தான் போய்ச் சேருவார்?"

"எப்பங்க போய்ச் சேருவீங்க?" என்று எழுத்தர் மாஸ்டரைக் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

மாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "அதைத்தாங்க கேட்கணும்" என்றார்.

எழுத்தர் பெருமூச்சு விட்டார். 'நடைபெற்றுக்கொண்டிருக்கிறது' என்று எழுதிக்கொண்டு போனார். கணக்கு சார் விசிலடித்து அதைக் கொண்டாடினார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் தினமும் நடந்ததில், மேசை முன் நாள் முழுக்க நின்று வெட்டும் அளவுக்கு மாஸ்டரின் கால் தேறிவிட்டது. ஒரு நாள் காலை ஊன்றுகோலைக்கூட அழுத்தாமல், நேராகக் கடையைப் பார்த்துத் தெருவில் இறங்கினார். அக்கா கடை வாசலில் நின்றாள். மேசையைத் துடைத்து, துணியை விரித்து, கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். மாஸ்டர் பாதித் தெரு வந்துவிட்டார். அப்போது கேட்டது விசில்.

"மாஸ்டர்! அங்கேயே நில்லுங்க!" கணக்கு சார் ஓடி வந்தார். "கடை ஊர்வலப் பாதையில இல்ல. நீங்க உள்ள காலை வச்சா வழியை விட்டு விலகினதா ஆயிடும். அப்புறம் ஊர்வலத்துல யார் இருக்கா? முடிஞ்சு போச்சு! லாரி வந்துடும்!"

மாஸ்டர் நடுத்தெருவில் அப்படியே நின்றார்.

"அவர் கடைக்கு வரணும்னுதானே சார் இத்தனையும்!" அக்கா கத்தியே விட்டாள். அவள் கத்தி நான் கேட்டதேயில்லை. "லாரி வரக் கூடாதுன்னா அவர் கடைக்கு வரக் கூடாது. அவர் கடைக்கு வந்தா லாரி வந்துடும். இது என்ன நியாயம்?"

"நியாயம் வேற, விதி வேறம்மா."

"இவர் வேற எந்நேரமும் என் நாற்காலியில. வர்றவங்களை நான் எங்க உக்கார வைக்கிறது?" என்று மளிகைக்காரர் நடுவில் புகுந்தார்.

"போதும்! இப்பவே போய்க் கலைஞ்சாச்சுன்னு சொல்லிடறேன். லாரி வரட்டும். நான் ஒத்தை ஆளா என்னத்தையோ தைச்சுக்கறேன்" என்று அக்கா பையை எடுத்தாள். கண்ணில் தண்ணீர். இந்த முறை வாயில் குண்டூசி இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தர் விதி என்கிறார், ஒருத்தர் நாற்காலி என்கிறார், அந்த மனிதர் நடுத்தெருவில் நட்டு வைத்த கம்பம் மாதிரி நிற்கிறார், இவள் பையைத் தூக்குகிறாள். என் வீட்டுக்காரரோ அதே நேரம் பார்த்து, தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு, வேலைக்குப் போக வெளியே வருகிறார்! விறுவிறுவென்று இறங்கிப் போனேன். மாஸ்டர் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

"வழியில யார் சேர்ந்தாலும் சேர்த்திதான்னு அந்த எழுத்தர் சொன்னாரா இல்லையா? நான் இப்பச் சேர்ந்துட்டேன். நீங்க போய் வேலையைப் பாருங்க மாஸ்டர்" என்றேன்.

கணக்கு சார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஆனா நீங்க நோயாளி இல்லையே. நோயாளி மட்டும்தான் உக்காரலாம்."

"யார் சொன்னா? என் முட்டி படுற பாடு உங்களுக்குத் தெரியுமா? மாடிப்படி ஏறிப் பாருங்க என்கூட."

நாற்காலியில் உட்கார்ந்தேன். மாஸ்டர் மீதித் தெருவையும் கடந்தார். கடைப் படியில் காலை வைக்கும்போது அக்கா அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் வேண்டாமென்று தலையசைத்துவிட்டுத் தானே ஏறினார்.

இப்போது எங்கள் தெருவில் முறை போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிறோம். இந்தத் தெருவில் இத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. அதுதான் எனக்கு அவமானம். ஒருத்திக்கு முதுகு, ஒருவருக்குத் தலைசுற்றல், கணக்கு சாருக்கு மூச்சிறைப்பு. விசிலடித்ததால் வந்திருக்கும். மளிகைக்காரர் புது நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டு, அதைத் தினமும் எல்லோருக்கும் சொல்லிக்காட்டுகிறார். அவ்வப்போது எழுத்தர் வருவார். "கலைஞ்சாச்சா?" என்பார். "இல்லைங்க, போயிட்டு இருக்கோம்" என்போம். எழுதிக்கொண்டு போவார். முன்பெல்லாம் கோபம் வரும் அவருக்கு, இப்போது வெறும் களைப்புத்தான். போன தடவை போகும் வழியில் தையல் கடைக்குள் புகுந்து, ஒரு கால்சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். நகராட்சியில் எங்கள் மனு இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறதாம். குடோன் லாரிகள் வெளிச்சாலையில் போய்ப் பழகிவிட்டன.

இன்று என் முறை. முட்டி உண்மையாகவே வலிக்கிறது, அட்டைக் கயிறு கழுத்தை அறுக்கிறது, வீட்டில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து கடை நன்றாகத் தெரிகிறது. மர மேசையில் கத்தரிக்கோல் போகும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. என் வீட்டுக்காரரின் புதுச் சட்டை வந்துவிட்டது. காலர் கோடு போட்ட மாதிரி நேராக நிற்கிறது. அவர் தலைதான் இன்னும் இடது பக்கம் சாய்ந்தே இருக்கிறது. பழகிவிட்டதாம். இதற்கு எந்த அலுவலகத்தில் போய் மனு கொடுப்பது?